பதிவேட்டில் சிக்காத குறுஞ்செய்தி
லாபியிங், அதாவது தங்களுக்குச் சாதகமான முடிவுக்காக ஆட்சியாளர்களிடம் பேசிப் பார்ப்பது, 2014 சட்டத்துக்குப் பிறகு பிரிட்டனில் முழுக்கப் பதிவேட்டுக்குள் வந்துவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது பாதிதான் சரி. பிறருக்காகக் காசு வாங்கிக்கொண்டு அமைச்சர்களிடம் பேசும் ஆலோசகர்கள் மட்டும்தான் அதில் பதிய வேண்டும். ஒரு நிறுவனத்தின் சம்பளக்காரரே போய்ப் பேசினால் பதிவே தேவையில்லை. டேவிட் கேமரன் கதை அதுதானே? அடுத்து வெடிக்கப்போகும் பெரிய ஊழல் லாபியிங்தான் என்று 2010-இல் எச்சரித்தவர், அந்தச் சட்டம் வந்தபோது பிரதமராகவும் இருந்தவர், 2020-இல் தான் வேலை பார்த்த கிரீன்சில் என்ற நிதி நிறுவனத்துக்குச் சலுகை கேட்டு நிதியமைச்சர் ரிஷி சுனக்கின் செல்பேசிக்கே செய்தி அனுப்பினார். கேட்ட சலுகை கிடைக்கவில்லை, 2021 மார்ச்சில் நிறுவனமும் கவிழ்ந்தது, அது வேறு விஷயம். இதை விசாரித்த, லாபியிங் பதிவேட்டைக் கவனிக்கும் பதிவாளர் சொன்னது: கேமரன் அங்கே ஊழியர், அதனால் பதியத் தேவையில்லை! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், வெஸ்ட்மின்ஸ்டர் (பிரிட்டன் நாடாளுமன்ற வட்டாரம்) கிசுகிசுவெல்லாம் வெட்டிப்பேச்சு என்கிறார். பெரும்பாலும் அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த விவகாரம் பதிவேட்டைப் பார்த்தா வெளியே வந்தது? பத்திரிகைக்காரர்கள் தோண்டியதால் வந்தது. சுனக் அனுப்பிய பதில்கள்கூட, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்ட பிறகு, 2021 ஏப்ரலில்தான் வெளியாயின.