டின் எங்கே அண்ணாச்சி?

(இரவு பத்தே முக்கால். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்கு ஒரு வாடகைக் கார் கிளம்புகிறது. கூரைமேல் நாலு பெட்டி, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. பின்சீட்டில் மாமியார், மனைவி, மூன்று வயசுப் பெண், பத்து மாசக் கைக்குழந்தை. யார் கை, யார் கால் என்று தெரியாதபடி ஒரே குவியலாகத் தூக்கம். முன்சீட்டில் குலசேகரத்துப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் அண்ணாச்சி. ஷார்ஜாவில் மச்சான் வீட்டில் அறுபது நாள் இருந்துவிட்டு வருகிறார். வண்டி ஓட்டுவது பக்கத்துத் தெருத் தம்பி.)

டிரைவர்: முதலில் ஒண்ணு கேட்டுவிடுகிறேன் அண்ணாச்சி, மறந்தால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது. அந்த டின் எங்கே?

அண்ணாச்சி: எந்த டின்?

டிரைவர்: போகும்போது என் வீட்டுக்காரி பயறு உருட்டிப் பொரித்து முந்திரிக்கொத்து போட்டுக் கொடுத்தாளே. மூடியில் ரோஜாப்பூ படம். அவள் கல்யாணத்துக்கு வந்த டின்னாக்கும். "அண்ணாச்சி வந்ததும் டின்னை வாங்கிட்டு வா" என்று ரெண்டு மாசமாய் ஒரே பாட்டு.

அண்ணாச்சி: ஓ, அந்த டின்னா... (பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கிறார்) அது இருக்கு, எங்கே போகப் போகுது. அது கிடக்கட்டும், நீ எத்தனை மணிக்கு வந்தாய்?

டிரைவர்: நாலரைக்கு.

அண்ணாச்சி: நாலரைக்கா! விமானம் ஒன்பதரைக்கு மாறிப்போச்சு என்று மச்சான் மெசேஜ் போட்டானே.

டிரைவர்: போனில் நெட் தீர்ந்து நாலு நாளாச்சு. பழைய நேரத்தை நம்பி வந்தால், வள்ளக்கடவில் போலீஸ்காரர் வண்டியைத் திருப்பிவிட்டார். "இன்னு ஆறாட்டாணு சேட்டா, ஏர்போர்ட் அடச்சு" என்றார். கடை அடைப்பார்கள், பள்ளிக்கூடம் அடைப்பார்கள், ஏர்போர்ட்டையுமா அடைப்பார்கள்?

அண்ணாச்சி: பங்குனி ஆறாட்டை மறந்துபோனாயே மக்கா. பத்மநாபசாமி சங்குமுகத்துக்குக் கடலாடப் போகிற பாதை, ஓடுபாதைக்குக் குறுக்கேயாக்கும். ஐப்பசியில் ஒரு நாள், பங்குனியில் ஒரு நாள், சாயங்காலம் ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் ஒரு விமானம் ஏறாது, இறங்காது.

டிரைவர்: சாமி வழியில் ஓடுபாதை வந்ததா, ஓடுபாதை வழியில் சாமி வந்தாரா?

அண்ணாச்சி: சாமிதான் முதலில். விமான நிலையம் 1932இல் வந்தது.

டிரைவர்: அப்போ சீனியாரிட்டி அவருக்குத்தான், ஒண்ணும் சொல்ல முடியாது. சரி, வந்தது வந்தாச்சு என்று நானும் ஓரமாய் நின்று பார்த்தேன். யானை முன்னால். ராஜகுடும்பத்துப் பெரியவர் கையில் வாளோடு வெறுங்காலில் நடக்கிறார். அவர்கள் போனதும் எனக்கு உங்க ஞாபகம்தான் வந்தது.

அண்ணாச்சி: யானையைப் பார்த்தா?

டிரைவர்: இல்லை அண்ணாச்சி. பத்மநாபசாமி, நரசிம்மர், கிருஷ்ணர் மூணு பேரும் சேர்ந்து போகிறார்கள். கடலில் குளிக்கிறார்கள். தீவட்டி வெளிச்சத்தில் வீடு திரும்புகிறார்கள். ஒரு பெட்டி உண்டா? ஒரு டிராலி உண்டா? அதை விடுங்க. நவராத்திரிக்கு நம்ம சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், குமாரகோவில் முருகனும், பத்மநாபபுரம் சரஸ்வதியும் இதே ரோட்டில் திருவனந்தபுரம் போய் நவராத்திரி முடியுமட்டும் தங்கிவிட்டு வருகிறார்கள். திரும்பும்போது கையில் ஒரு பொட்டலம் பார்த்திருக்கிறீங்களா?

அண்ணாச்சி: அவங்களுக்கு ஊரிலிருந்து யாரும் லிஸ்ட் எழுதி அனுப்புவதில்லை தம்பி.

(டிரைவர் வாயை மூடிக்கொள்கிறார். அந்த லிஸ்டில் "கோடாலித் தைலம், 2" என்று எழுதியவர்களில் அவரும் ஒருவர். பாலராமபுரம் வரைக்கும் வண்டிச் சத்தம் மட்டும்.)

டிரைவர்: தைலம் கிடைத்ததா?

அண்ணாச்சி: இருபத்துநாலு குப்பி. அது சிங்கப்பூர்ச் சரக்காக்கும். சிங்கப்பூரில் கிளம்பி, ஷார்ஜா போய், தக்கலையில் உன் நெற்றிக்கு வருகிறது. உன்னைவிட அதிகம் ஊர் சுற்றியிருக்கு.

டிரைவர்: கூரைமேல் கட்டும்போது ஒரு பெட்டி பஞ்சு மாதிரி இருந்ததே?

அண்ணாச்சி: கம்பளி. புலிப்படம் போட்டது.

டிரைவர்: இந்தப் பங்குனி வெயிலிலா?

அண்ணாச்சி: யார் போர்த்தச் சொன்னது? அலமாரியில் வைப்பதற்கு. உன் வீட்டிலும் ஒண்ணு இருக்குமே.

டிரைவர்: இருக்கு. பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை.

அண்ணாச்சி: ரெண்டு வாங்கினோம். ஒண்ணுதான் வந்தது. அது ஒரு பெரிய கதை. ஆளுக்கு முப்பது கிலோ. மச்சான் வீட்டில் கொக்கித் தராசு போட்டுத் தூக்கினபோது பெட்டி இருபத்தொன்பதுதான். கவுன்ட்டரில் வைத்தால் முப்பத்து மூணு!

டிரைவர்: அது எப்படி?

அண்ணாச்சி: தூக்கினவன் மச்சான். பெட்டியின் ஒரு மூலை சோபாவில் சாய்ந்திருந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. அப்புறம் என்ன, வரிசையில் அத்தனை பேர் பார்க்கத் தரையில் குத்தவைத்துப் பெட்டியைத் திறந்தேன். மேலே என் பழைய சாரம், கைலிதான். அதைப் பார்த்ததும் உன் மதினி எனக்குச் சம்பந்தமே இல்லாதவள் மாதிரி பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். மாமி மட்டும் யோசிக்கவே இல்லை. கம்பளியை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டாங்க.

டிரைவர்: உடம்பில் கிடந்தால் கிலோவில் வராதே. மாமி கெட்டிக்காரி!

அண்ணாச்சி: கேளு. கவுன்ட்டரில் இருந்தது மலையாளத்துப் பிள்ளை. "எந்தா அம்மே?" என்று கேட்டாள். மாமி தோவாளைக்காரி. ஏசி குளிரைக் காட்டி, "பனி மோளே, பனி" என்று சொன்னாங்க.

டிரைவர்: ஐயோ!

அண்ணாச்சி: மாமிக்கு பனி என்றால் குளிர். அவளுக்கு பனி என்றால் காய்ச்சல். அடுத்த நிமிஷம் சக்கர நாற்காலி வந்தாச்சு. சூப்பர்வைசர் வந்தாச்சு. டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் விமானத்தில் ஏற்ற முடியாதாம். நான் ரெண்டு பாஷையிலும் விளக்குகிறேன். விளக்க விளக்க, அந்த சூப்பர்வைசர் அம்மாள் என் நெற்றியையும் தொட்டுப் பார்க்கலாமா என்கிற மாதிரி பார்க்கிறாங்க. கடைசியில் மாமி கம்பளியை எறிந்துவிட்டு, நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்து காட்டினாங்க. கம்பளியும் ரெண்டு கிலோ பால்மாவும் வெளியே நின்ற மச்சானுக்கே திரும்பிப் போயிற்று.

டிரைவர்: அதோடு முடிந்ததா?

அண்ணாச்சி: எங்கே முடிந்தது? மாமி மடிப்பையை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. ஸ்கேனரில் உருண்டை உருண்டையாய்த் தெரிந்ததாம். திறக்கச் சொல்லிவிட்டார்கள்.

டிரைவர்: என்ன உருண்டை?

அண்ணாச்சி: (தாமதித்து) பிள்ளைகள் துணி.

டிரைவர்: துணி உருண்டையாவா இருக்கும்?

அண்ணாச்சி: துணிக்குள் ஈத்தப்பழம். நீ ரோட்டைப் பார்.

(நெய்யாற்றின்கரை போகிறது, பாறசாலை போகிறது. விமானத்துக்குள் நடந்ததை அண்ணாச்சி ரெண்டு வரியில் முடித்துவிட்டார்: நாலு மணி நேரத்தில் கைக்குழந்தை அழாதது சாப்பாடு வந்தபோது மட்டும், அப்போது அண்ணாச்சியின் சட்டையில் சாம்பார் கொட்டியது.)

அண்ணாச்சி: இறங்கும்போது காது அடைக்குமே, அதுதான் சின்னதுக்குத் தாங்கவில்லை. பால் கொடுத்ததும், விழுங்க விழுங்க காது திறந்து சரியாயிற்று. பெரியவளுக்கு மாமி கற்கண்டு கொடுத்தாங்க. அவள் அதைத் தின்றுவிட்டு, வெளியே வந்ததும் கேட்கிறாள்: "அப்பா, நாம எப்போ வீட்டுக்குப் போவோம்?" இதுதானே மக்களே ஊர் என்றேன். "லிஃப்ட் எங்கே?" என்கிறாள்.

டிரைவர்: மூணு வயசில் அறுபது நாள் என்றால் சும்மாவா. நீங்களும் தோட்டத்தைப் போட்டுவிட்டு ரெண்டு மாசம் இருந்துவிட்டீங்களே.

அண்ணாச்சி: ரப்பர் இலை உதிர்த்துத் தளிர்க்கிற காலம், பால்வெட்டு கிடையாது. மரத்துக்கு லீவு, எனக்கும் லீவு. நாளைக் கழித்துக் கத்தி எடுக்கணும்.

டிரைவர்: அப்போ போகும்போது இங்கேயிருந்து என்னவெல்லாம் கொண்டுபோனீங்க?

அண்ணாச்சி: மரச்சீனிக் கிழங்கு, நேந்திரங்காய் சிப்ஸ், நெத்தோலிக் கருவாடு, நல்லமிளகு. கசகசா மட்டும் வேண்டாம் என்று மச்சான் மூணு தடவை போன் பண்ணினான். அங்கே அது போதைப்பொருள் கணக்கு. கொப்பரைத் தேங்காயை இங்கேயே எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். எண்ணெய் உள்ள சரக்கு, சூடேறித் தீப்பிடிக்குமாம்.

டிரைவர்: தேங்காய்க்குத் தடையா! தேங்காய்க்குப் பேர்போன ஈத்தாமொழிக்காரன் கேட்டால் அழுதுவிடுவான். சரி, முந்திரிக்கொத்துக்குத் தடை இல்லையே?

அண்ணாச்சி: அதற்கு ஒரு தடையும் இல்லை.

டிரைவர்: மச்சானுக்குப் பிடித்ததா?

அண்ணாச்சி: தம்பி, களியக்காவிளை வந்தாச்சு பார். தமிழ் போர்டைப் பார்த்ததும் ஒரு தெம்பு! 1956 நவம்பர் 1 வரைக்கும் நாமும் அந்தப் பக்கம்தான், இருந்தாலும்... மார்த்தாண்டத்தில் ஒரு கட்டஞ்சாயா குடிப்போமா?

(மார்த்தாண்டம். மேம்பாலத்துக்குக் கீழே ஒரு தேநீர்க் கடை. மட்டிப்பழக் குலை கயிற்றில் தொங்குகிறது. விரல் நீளம்தான், தோலை உரிக்கும் முன்பே தேன் வாசனை. அண்ணாச்சி நின்றபடி நாலு பழம் தின்கிறார். அறுபது நாளில் அவர் முகம் இவ்வளவு மலர்ந்ததை மனைவி பார்த்திருந்தால் வருத்தப்பட்டிருப்பாள், நல்லவேளை, தூங்குகிறாள். மாமிக்கு ஒரு பழம் கொடுக்கலாம் என்று டிரைவர் பின்கதவைத் திறக்கிறார். மாமியின் மடியிலிருந்து ஏதோ உருண்டு "ணங்" என்று ரோட்டில் விழுகிறது. ரோஜாப்பூ மூடி.)

டிரைவர்: அண்ணாச்சி, டின்!

அண்ணாச்சி: பார்த்தாயா, இருக்கு என்று சொன்னேனே.

டிரைவர்: (தூக்கிப் பார்த்து) கனக்குதே? (ஆட்டிப் பார்த்து) கலகலங்குதே?

அண்ணாச்சி: தம்பி, நீ முதலில் சாயாவைக் குடி.

டிரைவர்: (மூடியைத் திறந்து) மூணு மூணாய் ஒட்டி, வரிசை கலையாமல்... ஒரு கொத்துகூட எடுக்கவில்லையா?

அண்ணாச்சி: மச்சானுக்குச் சுகர் இருநூற்றெண்பது. வீட்டுக்குள் இனிப்பு வரக்கூடாது என்று அவன் பெண்டாட்டி உத்தரவு. டின் அறுபது நாள் அலமாரி மேலேயே இருந்தது. எறிந்துவிடலாம் என்றேன். சிறுபயறும் கருப்பட்டியும் போட்ட பண்டத்தை எறிந்தால் பாவம் என்று மாமி மடியில் வைத்துக்கொண்டாங்க.

டிரைவர்: ரெண்டு நாள் பயறு வறுத்து இடித்தாள் அண்ணாச்சி! "என் முந்திரிக்கொத்து ஷார்ஜாவில் ஆக்கும்" என்று தெரு முழுக்கச் சொல்லியாச்சு.

அண்ணாச்சி: அதனால்தானே வழியெல்லாம் என் வாய் வரவில்லை. இப்போ என்ன செய்ய? டின்னைக் காலியாகக் கொடுத்தால்தான் அவள் மனசு குளிரும்.

டிரைவர்: (ஒன்றை எடுத்துக் கடிக்கிறார். கடை நாய் தலை தூக்கிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.) ஏர்போர்ட்டில் இதை எப்படி விட்டார்கள்?

அண்ணாச்சி: மாமி ஒண்ணை எடுத்து நீட்டினாங்க. அந்த ஆள் மேசையில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, போங்கள் என்றார். நீ சாயாவில் முக்கி எடு.

(இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து, டின்னை நடுவில் வைத்துக்கொண்டு முக்கி முக்கித் தின்கிறார்கள். நாய்க்கு ஒன்று. அது அதை வாயில் கவ்விக்கொண்டு போய்ப் பள்ளம் தோண்டிப் புதைத்துவிட்டுத் திரும்பி வருகிறது. நாலாவது கொத்தில் டிரைவரின் போன் அடிக்கிறது.)

டிரைவர்: அவள்தான்! (போனில்) ஆ, வந்தாச்சு. மார்த்தாண்டத்தில் நிற்கிறோம்... டின் கிடைத்தாச்சு... ஆமா, காலி... ஷார்ஜாவில் சண்டை போட்டுத் தின்றார்களாம்... அது என்ன சத்தமா? அண்ணாச்சி பல்... இல்லை, பாக்கு கடிக்கிறார்... என்னது?... எப்போ?... சரி... சரி, சொல்கிறேன். (போனை வைத்துவிட்டு அண்ணாச்சியையே பார்க்கிறார்.)

அண்ணாச்சி: என்ன சொல்கிறாள்?

டிரைவர்: நீங்க பயணக் களைப்போடு வருவீங்க என்று, இன்றைக்குக் காலையில் புதிதாய் ஒரு டின் போட்டு வைத்திருக்கிறாளாம். எவ்வளவு நேரமானாலும் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுத்தான் தூங்குவாளாம்.

அண்ணாச்சி: (நெடுநேரம் டின்னைப் பார்த்துவிட்டு) இன்னும் ரெண்டு கட்டஞ்சாயா போடச் சொல்லு தம்பி. பெரிய கிளாஸில்.