பழக்கினால் போயிடுவான் என்ற பயம்

ஊழியரை எதிர்காலத்துக்குத் தயார்படுத்த வேணும், முதலில் செயற்கை நுண்ணறிவு வகுப்பு வையுங்கள் என்று முதலாளிமாருக்குச் சொல்லுற ஒரு கட்டுரை வாசிச்சன். நல்லது. ஆனால் வன்னியில் அதுக்கு முன்னம் செய்ய வேலை கிடக்கு. எங்கட பக்கத்து அரிசி ஆலைகளில் இப்ப கலர் சோட்டர், அதாவது நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கிற மெசின், நிக்குது. கமெரா கறுப்பு அரிசியைக் கண்டதும் காற்றடிச்சுத் தள்ளிவிடும். கமெராவுக்கு முன்னால இருக்கிற கண்ணாடியில் தவிடு படிஞ்சால் நல்ல அரிசியும் சேர்ந்து கழிவுக்குள்ள போகும். அதைத் துடைச்சுத் திருத்தத் தெரிஞ்ச ஆள் உள்ளுக்குள் இல்லாமல், கொழும்பில இருந்து ஆள் வரும்வரை ஆலையை நிப்பாட்டி வைச்சிருக்கினம்!

பழக்கினால் பெடியன் வெளிநாடு போயிடுவான் என்று முதலாளிமாருக்குப் பயம். பழக்காட்டியும் போறான்தானே. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கு, யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் அங்கதான். எத்தனை ஆலைக்காரர் போய் "எங்களுக்கு இப்பிடி ஆள் வேணும்" என்று கேட்டிருப்பினம்?

இன்னொன்று, பல வருசம் வேலை செய்த ஆள் என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு முழுப் பயிற்சிநெறியும் படிக்கத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். அதுக்குச் சம்பளத்தோட ஒரு நாள் லீவு குடுங்கோ பாப்பம்.