டிக்கென்று எரிந்து டிக்கென்று அணையும் ஹீற்றர்

மூன்று வாரமாக எங்கள் வெள்ளவத்தை வீட்டில் குளிப்பதே போராட்டம். சுடுதண்ணீர் ஹீற்றர் டிக்கென்று எரிகிறது, அரை நிமிடத்தில் டிக்கென்று அணைகிறது. சூடு, உடனே பச்சைத் தண்ணீர், திரும்பவும் சூடு. மூட்டுவலிக்கார அம்மா விடியற்காலையில் அதற்குள் நின்று நடுங்குவதைப் பார்க்க முடியவில்லை.

திருத்த வந்த பாஸ் ஹீற்றரின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "இது பழுது, புதுசு வாங்குங்கோ" என்று சொல்லிக் கூலியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாளியை வைத்துத் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்க்க அவருக்கு ஒரு நிமிடம் கிடைக்கவில்லையா?

தண்ணீர் ஓட ஓடச் சூடாக்கும் இந்த வகை ஹீற்றருக்குள் தண்ணீரின் ஓட்டத்தை உணரும் சுவிட்ச் இருக்கிறது. ஓட்டம் குறைந்தால் அது அணைத்துவிடும். ஓட்டம் மெலிந்து உள்ளே சூடு அளவுக்கு மேல் ஏறினாலும் பாதுகாப்புக்காக அணையும், ஆறியதும் எரியும். தண்ணீர்த் தாங்கி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். எங்களுடையது ஷவருக்கு மேலே ஒன்றரை மீட்டர்தான்; அழுத்தமும் அதற்கேற்பக் குறைவு.

அப்புறம் பிரேக்கரை அணைத்துவிட்டு, தண்ணீர் உள்ளே போகும் இடத்து வலையை நானே கழற்றினேன். துருவும் மணலுமாக அடைத்துக் கிடந்தது. கழுவி மாட்டியதும் அரைவாசி சரி. ஆனால் குசினியில் யாராவது பைப்பைத் திறந்தால் இன்னும் டிக்.