வீட்டுக்கு அனுப்புகிறோம்!

போன வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி, கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள் போட்டிருந்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் தமிழர்களுக்காக ஒரு பணம் அனுப்பும் நிறுவனம் போட்ட விளம்பரம். தலைக்கவசம் போட்ட ஓர் இளைஞன் சிரிக்கிறான். அவன் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில்: 'நீங்கள் கடினமாக உழைக்கிறீர்கள். நாங்கள் வீட்டுக்கு அனுப்புகிறோம்!'

நானும் சிரித்தேன். அப்புறம் யோசித்தால், இதில் தப்பு என்று எதைச் சுழிப்பது? எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை. ஆங்கில வாசகத்தில் பணத்தைக் குறிக்க இருந்த ஒரு சின்னச் சொல் தமிழில் உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் நம் ஊரில் ஒருவரை 'வீட்டுக்கு அனுப்பிட்டாங்க' என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். விசாவை நம்பிப் பிழைப்பவனிடம் போய்ச் சொல்கிற வார்த்தையா அது? அதுவும் ஆச்சரியக்குறியோடு!

தமிழனைக் கேட்டு எழுதியிருந்தால் 'ஊருக்கு' என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். நாம் யாரும் வீட்டுக்குப் பணம் அனுப்புவதில்லை, ஊருக்குத்தான் அனுப்புகிறோம். அந்த விளம்பரத்தை யோசித்த இடத்தில் ஊர் என்ற சொல் யார் மனசிலும் இல்லை. என் வருத்தம் அதுதான், பிழை அல்ல.

எனக்கும் இதில் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். சில வருடங்கள் பகுதிநேரமாக இந்த மொழிபெயர்ப்பு வேலை பார்த்தேன். வேலை எப்படி வரும் தெரியுமா? ஒரு எக்செல் கோப்பு. படம் இருக்காது, என்ன பொருள் என்று இருக்காது, வாக்கியங்கள் அகர வரிசையில் கலைந்து கிடக்கும். வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி, நாளைக் காலைக்குள் வேண்டும். ஒரு கட்டத்தில் 'புக்' என்று மட்டும் இருக்கும். புத்தகமா, முன்பதிவா? கேட்டால் 'பொதுவாகப் போடுங்கள்' என்று பதில் வரும். பொதுவாகப் போடுவது எப்படி என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அப்படித்தான் ஒரு முறை 'அப்ளை' வந்தது. அதற்கு முந்தைய மாதம் முழுக்க வங்கி விளம்பரங்களாகவே செய்திருந்ததால், கை பழக்கத்தில் 'விண்ணப்பியுங்கள்' என்று போட்டுவிட்டேன். அது முகத்துக்குப் பூசும் க்ரீம். அச்சாகி வந்தபோது டப்பாவின் மேல் 'தினமும் இருமுறை விண்ணப்பியுங்கள்' என்று இருந்தது. என் பெயர் அதில் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

சரியாக எழுதிக் கொடுத்தாலும் வடிவமைப்பாளரின் கையில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. தமிழ் எழுத்து அவருக்குக் கோலம் மாதிரி. மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கும்; அவருக்கு அது தெரியவும் தெரியாது. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூரிலேயே 2017 தேசிய தின அணிவகுப்புக் கையேட்டில் தமிழ் வாசகம் சிதைந்து அச்சாகி, மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் 2020 கொரோனா நேரத்தில் ஓர் அரசு அறிவிப்பில் அரபியும் ஃபார்சியும் கலந்தே போய்விட்டன. எழுத்து ஒன்று போல இருக்கிறதே, போதாதா!

இந்த மாதிரிப் பிழைகளைப் பகிர்ந்து சிரிப்பது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. அதிலும் பாதி கட்டுக்கதை. ஷெவ்ரோலே நோவா காரின் பெயர் ஸ்பானிய மொழியில் 'ஓடாது' என்று அர்த்தம் தந்ததால் விற்கவில்லை என்பார்கள். மெக்சிகோவிலும் வெனிசுலாவிலும் அது நன்றாகவே விற்றது. மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனம் நோவா என்ற பெயரில் பெட்ரோலே விற்றது. பிரானிஃப் விமான நிறுவனத்தின் கதை மட்டும் நிஜம். 1987-இல் அமெரிக்காவில் வாழும் ஸ்பானியம் பேசுபவர்களிடம் தோல் இருக்கைகளின் பெருமையைச் சொல்லப்போய், 'அம்மணமாகப் பறங்கள்' என்று காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது பால் கதை. கலிபோர்னியாவில் 1993-இல் 'பால் இருக்கிறதா?' என்ற விளம்பரம் பெரிய வெற்றி. அதை அப்படியே ஸ்பானிய மொழிக்குக் கொண்டுபோனால், ஒரு தாயிடம் 'உனக்குப் பால் சுரக்கிறதா?' என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். அந்தச் சிக்கலைச் சொல்லைத் திருத்திச் சமாளித்திருக்கலாம். ஆனால் ஸ்பானிய விளம்பரத்தைச் செய்த அனிதா சாந்தியாகோ, அந்த நகைச்சுவையே வேண்டாம் என்றார். வீட்டில் பால் தீர்ந்துபோவது அந்தத் தாய்மார்களுக்குச் சிரிப்பு வரும் விஷயமில்லை, பிள்ளைகளுக்குக் குறை வைத்த அவமானம். அதனால் புதிதாகவே எழுதினார்கள்: 'இன்று அவர்களுக்குப் போதுமான பால் கொடுத்தீர்களா?' பாட்டி, அடுப்படி, குடும்பச் சமையல் என்று அந்த விளம்பரமே வேறாகிவிட்டது.

இதைச் சொன்னால் 'அவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், நாம் எத்தனை பேர்?' என்பார்கள். நியாயம்தான். ஆனால் நம்மில் ஒருவரை உட்காரவைத்து, 'இதைப் படிங்க, உங்களுக்கு என்ன தோணுது?' என்று கேட்க எவ்வளவு செலவாகும்? அதிலும் யாரைக் கேட்பது என்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர் 'கதைப்போம் வாங்கோ' என்றால் பேச அழைக்கிறார். மதுரைக்காரர் காதில் அது வேறு மாதிரி விழும். இரண்டும் தமிழ்தான், இரண்டு பேரும் வாடிக்கையாளர்கள்தான்.

நண்பர் அனுப்பிய விளம்பரத்துக்கு வருவோம். சும்மா சிரித்துவிட்டுப் போவானேன் என்று அந்த நிறுவனத்தின் பக்கத்துக்கே போய், மரியாதையாக, 'வீட்டுக்கு' என்பதை 'பணத்தை ஊருக்கு' என்று மாற்றிவிடுங்கள், காரணம் இது என்று நாலு வரி எழுதிப் போட்டேன். அடுத்த நொடியே தமிழில் தானியங்கிப் பதில் வந்தது:

'உங்கள் செய்திக்கு நன்றி. நாங்கள் விரைவில் உன்னைத் திரும்பப் பெறுவோம்.'