ஜப்பானின் தேக்கத்துக்கு முதுமை மட்டுமே காரணமன்று

ஜப்பானின் முப்பதாண்டுப் பொருளாதாரத் தேக்கம் பற்றி வந்த கட்டுரையில், அதற்கு மக்கள்தொகை முதிர்ந்ததே முதற்காரணம் என்று கட்டுரையாளர் முடிவு கட்டுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. அங்கே உழைக்கும் வயதினரின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது 1990களின் நடுப்பகுதியில்தான். பங்கு விலைகளின் சரிவோ அதற்கு முன்பே வந்துவிட்டது. டாலரின் மதிப்பைக் குறைக்க ஐந்து பெரிய நாடுகள் செய்துகொண்ட 1985ஆம் ஆண்டின் பிளாசா உடன்பாட்டுக்குப் பின் ஜப்பானிய நாணயமான யென்னின் மதிப்பு கிடுகிடுவென உயர, ஏற்றுமதியை நம்பிய தொழில்துறை முடங்கிவிடாமல் இருக்க மத்திய வங்கி தன் வட்டியை 1987இல் 2.5 விழுக்காடு வரை இறக்கியது. அந்த மலிவான பணம் நிலத்திலும் பங்குகளிலும் பாய்ந்தது. நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்கி, அந்தக் கடனில் மீண்டும் நிலம் வாங்கினார்கள் (நம் ஊர் மனை வணிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை). 1989 டிசம்பர் இறுதியில் 38,915 புள்ளிகளைத் தொட்ட நிக்கேய் என்னும் ஜப்பானியப் பங்குச்சந்தைக் குறியீடு பிறகு சரிந்து, அந்த உயரத்தை மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில்தான்.

விலைகள் சரிந்த பின், வாராக்கடன் என்று தெரிந்தும் அதை வெளிக்காட்டாமல், மூட வேண்டிய நிறுவனங்களுக்கே வங்கிகள் மேலும் மேலும் கடன் கொடுத்து வந்ததைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. என் பார்வையில் நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது.

விலை ஏறாத பொருளாதாரம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு குச்சி ஐஸே சான்று. காரிகாரி-குன் என்னும் அந்த ஐஸின் விலையை 25 ஆண்டுகளுக்குப் பிறகு, 2016இல், 60 யென்னிலிருந்து 70 யென்னாக உயர்த்திய நிறுவனம், தன் ஊழியர்கள் வரிசையாக நின்று தலைவணங்கி மன்னிப்புக் கேட்கும் விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. அந்த ஆண்டுகளில் அங்கே கூலியும் ஏறக்குறைய அசையாமலே கிடந்தது.