கம்பியை அப்பினால் ஜாயிண்ட் ஆகிவிடுமா?

செப்புக் குழாய் ஜாயிண்டில் இன்றைக்கும் ஒரு லீக். பற்றவைத்தது யாரோ, படுகிற பாடு என்னுடையது. சோப்பு நுரை தடவிய மறு நொடியே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புகிறது. வெளியே பார்த்தால் உருகி வழிந்த மெழுகுவர்த்தி மாதிரி, ஜாயிண்டைச் சுற்றிப் பற்றவைக்கிற கம்பி குவிந்து கிடக்கிறது. அறுத்து நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். உள்ளே ஒரு பொட்டுகூட இறங்கவில்லை!

ஐயா, கம்பி என்பது ஓட்டை அடைக்கிற பசை இல்லை. குழாய்க்கும் ஃபிட்டிங்குக்கும் நடுவே 0.05 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை மயிரிழை இடைவெளி இருந்தால், உருகிய கம்பியை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுகிறதே, அதே கதைதான். லொடலொடவென்று செருகிவிட்டு அரைக் கம்பியை மேலே அப்பினால் எங்கே இழுக்கும்?

அந்த இடைவெளியை முதலில் கெடுப்பது வெட்டுகிற கைதான். ஹேக்ஸாவை எடுத்தால் கோணல். ட்யூப் கட்டர் இருந்தாலும் பொறுமை கிடையாது. திருகை இறுக்கோ இறுக்கென்று இறுக்கி, வட்டமான வாயை முட்டையாக நசுக்கிவிடுகிறார்கள். பிசிறு எடுக்கிற புண்ணியவானோ, குழாயை வானம் பார்க்க வைத்துக்கொண்டு ரீமரைச் சுற்றுகிறார். செப்புத் தூள் முழுக்க உள்ளே. வாயைக் கீழே பார்த்துப் பிடித்தால் கை தேய்ந்துவிடுமா? அப்புறம் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டு, அதே எண்ணெய்க் கையால் தடவி அழகு பார்ப்பது வேறு.

பாஸ்பரஸ் கலந்த கம்பி செம்பையும் செம்பையும் சேர்க்க ஃப்ளக்ஸ், அதாவது உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை நீக்கும் பசை, கேட்காது. சரி. அதனால் சுத்தம் செய்யவே வேண்டாம் என்று யார் சொல்லிக்கொடுத்தது? பித்தளை ஃபிட்டிங்குக்கும் ஃப்ளக்ஸ் இல்லாமல் அதே கம்பியை நீட்டுகிறார்களே, அதை எங்கே போய்ச் சொல்ல!

டார்ச்சைப் பிடித்தால் கம்பியைத் தீயில் காட்டிச் சொட்டுச் சொட்டாக விடுவது. கம்பி உருக வேண்டியது செம்பின் சூட்டில், தீயில் இல்லை. முதலில் குழாய், பிறகு ஃபிட்டிங், இரண்டும் சேர்ந்து சூடாக வேண்டும். செம்பு உள்ளே கருகாமல் இருக்க நைட்ரஜனை மெல்ல ஓடவிடச் சொன்னால் நேரமில்லையாம். நான் பிளந்த குழாயின் உள்சுவரில் நகத்தால் சுரண்டினேன், கருப்புச் செதில் உரிந்து வந்தது. இன்னும் எத்தனை செதில் ஃபில்டரைத் தேடிப் போயிருக்கிறதோ.

கெட்டதை அறுத்தெறிந்ததில் குழாய் இரண்டு விரற்கடை குறைந்துவிட்டது. மிச்சம் சுவரை ஒட்டி நிற்கிறது, கட்டர் சுற்ற இடமில்லை. இழுத்துப் பார்த்தால் எட்டவும் இல்லை.