பன்னிரண்டாவது மாத்திரை

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்த அன்று அவளுக்கு 4 மாத்திரை. பிரஷர், சுகர், தைராய்டு, கால்சியம். 14 மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் 11. இடையில் புதிதாக எந்த நோயும் வரவில்லை.

இதை எழுத ரொம்ப நாள் தயங்கினேன். இல்லத்தில் இருப்பவர்கள் அம்மாவை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் பெங்களூரில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் பெற்றவர்களை இப்படிச் சேர்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்து வருகிறோம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒருநாள் பிரஷர் ஏறியிருந்தது என்று அம்லோடிபினை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார்கள். ஒரே ஒரு தடவை பார்த்த அளவு அது. சில வாரத்தில் இரண்டு காலும் வீங்கின. அம்லோடிபின் அளவு கூடினால் பலருக்குக் கால் வீங்கும். ஆனால் அந்த வாரம் வந்தவர் வேறு டாக்டர். அவர் வீக்கத்தைப் பார்த்தார், நீர் பிரிய ஃபுரோசமைடு எழுதினார். காலையில் தர வேண்டிய அதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தார்கள். ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்தாள். தூக்கம் கெட்டதென்று அல்பிரசோலம். காலையில் தலை சுற்றியது, அதற்கு புரோகுளோர்பெரசின். அப்புறம் கை நடுங்க ஆரம்பித்தது.

நடுவில் சளிக்கென்று 5 நாளைக்கு எழுதிய குளோர்ஃபெனிரமின் 7 மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை, அதனால் யாரும் நிறுத்தவில்லை. அந்த மருந்து வயதானவர்களுக்கு வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், சிலருக்குப் புத்தியையே குழப்பும். மலம் கட்டியதற்கு இன்னொரு மாத்திரை. கால் எரிச்சலுக்கு பிரீகாபலின், இவ்வளவையும் தாங்க வயிற்றுக்கு பான்டபிரசோல்.

ஒரு ராத்திரி 2 மணிக்குக் குளியலறை வாசலில் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு பார்க்கின்சன் மாத்திரை தொடங்கலாம் என்றார்கள். அது பன்னிரண்டாவது.

தங்கை பிடிவாதமாக, முதியோர் மருத்துவம் படித்த ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் எதுவும் என்றாள். அவர் எல்லா மருந்தையும் பையோடு கொண்டுவரச் சொன்னார். அட்டைகளை மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது எதுக்கு? எப்பலேருந்து?" என்று கேட்டார். நான்கைத் தவிர எதற்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாதா மாதம் பில் கட்டியவன் நான்.

புரோகுளோர்பெரசின் மூளையில் உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தடுக்கும், பார்க்கின்சன் மாதிரியே நடுக்கம் வரும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து எழுதுவதை 1990களிலேயே ராச்சன், கர்விட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'பிரிஸ்கிரைபிங் கேஸ்கேட்' என்று பெயர் வைத்து விளக்கியிருக்கிறார்கள். மாத்திரை மேல் மாத்திரையாக விழும் அருவி.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் பார்த்தார். 1.0. லேப் தாளில் நார்மல் என்றுதான் இருந்தது. அம்மாவுக்கு 82 வயது, எடை 41 கிலோ. உடம்பில் தசையே இல்லாதவர்களுக்குக் கிரியேட்டினின் குறைவாகத்தான் காட்டும். வயதையும் எடையையும் சேர்த்து காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டார், சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம் நிமிடத்துக்கு 28 மில்லிதான் வந்தது, ரொம்பக் குறைவு. பிரீகாபலின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். இப்படிப்பட்ட சிறுநீரகத்துக்கு ஏற்ற அளவை யாரும் கணக்குப் போடவில்லை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. அம்மா பல நாளாக "மயக்கமா வருது" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். இரவு சிஸ்டர் மலையாளி, தங்கமான பெண். மலையாளத்தில் மயக்கம் என்றால் தூக்கக் கலக்கம், கண் சொக்குவது. அவள் நோட்டில் தூக்கக் கலக்கம் என்று எழுதிவைத்தாள். கண் இருட்டி விழப்போகிறேன் என்று அம்மா சொன்னது, நன்றாகத் தூங்குகிறார் என்று டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் மீது எனக்குக் கோபமே இல்லை. ராத்திரியில் 30 பேருக்கு ஒற்றை ஆளாக நிற்கிறாள்.

பக்கத்து அறையில் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மறதி நோய். ராத்திரி கத்துகிறார் என்று குவெட்டியாபின் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தார்கள், அமைதியாகிவிட்டார். பிறகுதான் 4 நாளாக மலம் போகாமல் வயிறு வீங்கியிருந்தது தெரிந்தது. அவரால் சொல்ல முடியவில்லை, அதனால் கத்தினார். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005லேயே புதிய வகைகளுக்கும், 2008ல் பழைய வகைகளுக்கும் மருந்துக் குறிப்புத் தாளில் கட்டம் போட்ட கடுமையான எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. வேறு வழியே இல்லாத நிலைமைகள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் வலி, மலச்சிக்கல், மூத்திரக் கடுப்பு இதையெல்லாம் பார்த்தாயிற்றா என்று கேட்க ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர்தான் நம் இல்லங்களில் இல்லை. மாத்திரை தொடங்கப் பத்துப் பேர் வருகிறார்கள்: எலும்பு டாக்டர், இதய டாக்டர், வாராவாரம் வரும் டாக்டர், டிஸ்சார்ஜ் சம்மரி. மொத்தப் பட்டியலையும் கையில் வைத்து "இது இன்னும் வேணுமா?" என்று கேட்பது யாருடைய வேலையும் இல்லை. மார்க் பீர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991ல் வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை முதலில் போட்டதே இப்படிப்பட்ட இல்லங்களில் இருப்பவர்களுக்காகத்தான். 2023 வரை அதைப் புதுப்பித்திருக்கிறார்கள். அங்கே நர்சிங் ஹோமில் இருக்கும் ஒவ்வொருவருடைய மருந்துகளையும் மாதம் ஒருமுறை மருந்தாளுநர் பார்த்தே ஆக வேண்டும் என்பது மத்திய அரசு விதி. விதி இருந்தால் போதும் என்று சொல்லவில்லை. இங்கிலாந்தில் 55 இல்லங்களில் 256 பேரைப் பார்த்து 2009ல் வெளியான ஆய்வில் பத்தில் ஏழு பேருக்கு ஏதாவது ஒரு மருந்துத் தவறு நடந்திருந்தது. அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள், அதனால் தெரிந்தது. நாம் எண்ணவே இல்லை.

இல்லத்தில் நான் கேட்டது பெரிய செலவு பிடிக்கும் விஷயம் இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் நேரே எதற்கு, யார் எழுதியது, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது என்று மூன்று கட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே டாக்டர் முழுப் பட்டியலையும் பார்ப்பது. புது மருந்து தொடங்கினால் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப். அப்புறம், மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். மாத்திரைகளைப் பொடித்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துவது. பொடித்தால் நாள் முழுக்கக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் ரத்தத்தில் ஏறிவிடும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அல்பிரசோலத்தைச் சட்டென்று விட்டால் வலிப்பு வரைக்கும் போகும். அம்மாவுக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள். 1800-180-3024 என்ற அரசின் இலவச எண்ணில் பக்கவிளைவை நாமே பதிவு செய்யலாம்.

அம்மாவுக்கு இப்போது 5 மாத்திரை. கை நடுக்கம் முழுதாகப் போக நான்கு மாதம் ஆயிற்று. போன வாரம் காபி டம்ளரைத் தானே பிடித்துக் குடித்தாள். இந்த ஞாயிறு எச்.ஏ.எல். பெரியவரின் மருந்து அட்டைகளைப் பார்த்துப் பட்டியல் எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள் அவருடைய மகள், அவள் இருப்பது டல்லாஸில். நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.